இரண்டு வைரங்களுக்கு நடுவே

இந்த அத்தியாயத்தைப் படிக்க ஒரு துண்டுத் துணி வேண்டும். பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. எந்த விசைத்தறிக் கூடத்தில் கேட்டாலும் கையளவு கிழித்துத் தருவார்கள். கெட்டியான காடாத் துணி ஆகாது. இஞ்சுக்கு நூறு இழை ஓடுகிற மெல்லிய வேட்டி ரகம் வேண்டும். திருப்பூர் பனியன் துணியும் உதவாது. அது வளையம் வளையமாகப் பின்னியது. நமக்குப் பாவும் ஊடையும் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் நெசவு தேவை.

இருட்டியபின் மொட்டை மாடிக்குப் போய், தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். பிறகு துணியைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அதன் வழியே பாருங்கள். ஒரே விளக்கு கூட்டல் குறி வடிவில் பல விளக்குகளாக நிற்கும். நடுவில் பளிச்சென்று ஒன்று; நாலு பக்கமும் விலக விலக மங்கும் புள்ளிகள். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, முழு நிலவின் அகலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு இருக்கும்.

1785இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் பிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர் ஒரு பட்டுக் கைக்குட்டை வழியே தெருவிளக்கைப் பார்த்தபோது இதைத்தான் கண்டார். கைக்குட்டையை நகர்த்தினாலும் கோலம் நகராதது அவரைக் குழப்பியது. வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸிடம் கேட்டார். ரிட்டன்ஹவுஸ் தலைமுடிகளை நெருக்கமாகக் கட்டி ஒரு சட்டம் செய்து ஆராய்ந்தார். ஒளி அலைகள் இழைகளுக்கு நடுவே புகுந்து, சில திசைகளில் ஒன்றையொன்று கூட்டியும் மற்றத் திசைகளில் அழித்தும் கொள்வதுதான் காரணம் என்பது பிற்பாடு தெளிவானது.

இந்தத் துணியை இன்னும் இரண்டு விதமாகச் சோதித்தால் போதும், இந்த அத்தியாயத்தின் இயற்பியல் கைக்கு வந்துவிடும். இன்னும் நெருக்கமான ரகத்தை எடுத்துப் பாருங்கள்: புள்ளிகள் ஒன்றுக்கொன்று விலகும். இழை நெருங்கினால் புள்ளி விலகும், இழை விலகினால் புள்ளி நெருங்கும். அடுத்து, துணியை மூலைவாட்டில் இழுங்கள்: கூட்டல் குறி சாய்ந்து பெருக்கல் குறி போல ஆகும். ஆக, துணியைத் தொடாமலேயே, புள்ளிகளை மட்டும் அளந்து, இழைகளின் நெருக்கத்தையும் அவை வெட்டிக்கொள்ளும் கோணத்தையும் சொல்லிவிடலாம்.

படிகம் என்பது அணுக்களின் ஒழுங்கான வரிசை. அங்கே இடைவெளி சில ஆங்ஸ்ட்ராம்தான். ஒரு ஆங்ஸ்ட்ராம் ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. சிவப்பு விளக்கின் அலைநீளமோ 6,000 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல். அந்த ஒளிக்கு அணு வரிசை தெரியவே தெரியாது. எக்ஸ்கதிரின் அலைநீளம் ஒரு ஆங்ஸ்ட்ராம் அளவில் இருப்பதால் அதற்குத் தெரியும். 1912இல் ஜெர்மனியில் லாவே குழுவினர் படிகத்தின் வழியே எக்ஸ்கதிரைச் செலுத்திப் புள்ளிக் கோலத்தைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே பிராக் தந்தையும் மகனும் அந்தக் கோலத்திலிருந்து உப்பின் அணு அமைப்பைப் படித்துக் காட்டினார்கள். ஒற்றைப் படிகத்துக்குப் பதில் பொடியை வைத்தால், எல்லாத் திசையிலும் திரும்பிக் கிடக்கும் எண்ணற்ற நுண்படிகங்களின் புள்ளிகள் சேர்ந்து வளையங்களாகின்றன. இனி நமக்கு வளையங்கள்தான் முக்கியம்.

இப்போது அழுத்தத்துக்கு வருவோம். ஏர்ஜெட் தறி ஓட்டும் கம்ப்ரசர் தருவது 6, 7 பார். கடலிலேயே ஆழமான மரியானா அகழியின் அடியில் ஏறக்குறைய 1,100 பார். இந்தத் துறையில் பேசும் அலகு கிகாபாஸ்கல். ஒரு கிகாபாஸ்கல் என்றால் 10,000 பார். மரியானாவின் அடித்தளம் இந்தக் கணக்கில் 0.11தான். பூமியின் மையத்தில் ஏறத்தாழ 364 கிகாபாஸ்கல்.

அவ்வளவு அழுத்தத்தை மேசைமேல் உண்டாக்க முடியுமா? ஹார்வர்டில் பெர்சி பிரிட்ஜ்மன் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதையும் இதற்கே கொடுத்து, 1946இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய கருவிகள் எஃகாலும் டங்ஸ்டன் கார்பைடாலும் ஆனவை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. மின்தடையையும் கனஅளவையும் அளந்து ஊகிக்க வேண்டியதுதான்.

வழி 1950களின் இறுதியில் அமெரிக்க அரசின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் திறந்தது. ஆல்வின் வான் வால்கன்பர்க்கும் சகாக்களும் இரண்டு வைரங்களை நுனிக்கு நுனி வைத்து நடுவில் பொருளை நசுக்கினார்கள். வைரம் கடினமானது, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தன் ஊடே விடும், குறைந்த அலைநீள எக்ஸ்கதிரையும் விடும். அவ்வளவு வைரத்துக்குப் பணம் எங்கே? கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த கற்கள் அரசு நிறுவனம் என்பதால் சும்மா கிடைத்தன. அடிப்படை அறிவியலுக்குக் கடத்தல்காரர்கள் செய்த ஒரே நேரடி உதவி இதுவாகத்தான் இருக்கும்.

வைரக் கலத்தின் சூட்சுமம் ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு. வைரத்தின் நுனியை 0.3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டையாகச் சீவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 72 கிலோ எடையுள்ள ஓர் ஆள் ஏறி நின்றால் 10 கிகாபாஸ்கல். நுனியை 0.1 மில்லிமீட்டராகக் குறையுங்கள். 80 கிலோ ஆள் நின்றாலே 100 கிகாபாஸ்கல். நடைமுறையில் சுமையின் ஒரு பங்கை நடுவில் வைக்கும் உலோகத் தகடும் வாங்கிக்கொள்வதால் கூடுதல் விசை வேண்டும். ஆனாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு எஃகுக் கலமும், ஆலன் சாவியால் திருகும் நாலு ஸ்க்ரூவும் இதற்குப் போதும். அழுத்தத்தைக் கூட்ட யாரும் விசையைத் தேடிப் போவதில்லை, இடத்தைச் சின்னதாக்குகிறார்கள். இந்தத் துறையின் எல்லா வசதியும், பின்னால் வரும் எல்லாத் தொல்லையும் இதிலிருந்துதான்.

உலோகத் தகடு என்றேனே, அதுதான் கேஸ்கெட். எஃகிலோ ரீனியத்திலோ கால் மில்லிமீட்டர் தகடு. முதலில் வைரங்களுக்கு நடுவே நசுக்கி மெல்லியதாக்கி, பள்ளத்தின் நடு மையத்தில் 0.1 மில்லிமீட்டர் துளை போடுவார்கள். துளை போடுவது ஸ்பார்க் ஈரோஷன் முறையில். கோவை டை பட்டறைகளில் தினமும் நடக்கிற வேலைதான், அளவு மட்டும் சின்னது. அந்தத் துளைக்குள் பொடி, எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தம் பரவ நாலு பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு எத்தனாலும் கலந்த திரவம், கூடவே ஒரு துணுக்கு மாணிக்கம்.

மாணிக்கம் எதற்கு? அழுத்தத்தை அளக்க. பச்சை லேசரோ நீல லேசரோ பட்டால் மாணிக்கம் 694.2 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். அழுத்தம் ஏற ஏற அந்தச் சிவப்பு, கிகாபாஸ்கலுக்கு 0.365 நானோமீட்டர் வீதம் நகர்ந்துகொண்டே போகும். 1972இல் அதே அமெரிக்க நிறுவனத்தில் கண்டுபிடித்த இந்த முறை இன்றைக்கும் உலகெங்கும் ஓடுகிறது. மாணிக்கம் என்பது குரோமியம் சிறிது கலந்த குருந்தம். குருந்தம் கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. காங்கேயத்தை ஒட்டிய சிவன்மலையை ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்காக ஊரே அறியும். நிலவியலாளர்கள் அதே மலையைக் குருந்தம் தாங்கிய சயனைட் பாறைக்காக அறிவார்கள். தாமஸ் ஹாலந்து 1901இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக அதைப் பற்றி விரிவாக எழுதினார். திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் வழியில் படியூர் பச்சைக்கல்லுக்குப் பேர்போனது. நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியபோது மணி செய்த கற்கள் குவியலாகக் கிடைத்தன. ஆய்வகத்தில் பயன்படுவது செயற்கை மாணிக்கம்தான். இருந்தாலும் அது அதே கனிமம்.

கல்லிலிருந்து அழுத்தத்துக்கு வந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அய்யாசாமி ஜெயராமன். பெங்களூரில் சி.வி.ராமனின் மாணவர். ராமனுக்குக் கற்கள்மேல் இருந்த மோகம் தெரிந்ததே. 1950இல் அவரும் ஜெயராமனும் ஒரு சகாவும் சேர்ந்து இலங்கையின் சந்திரகாந்தக் கற்களில் ஏன் அந்த நீலப் பூச்சு மிதக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். பிற்பாடு ஜெயராமன் அமெரிக்கா போய் பெல் ஆய்வகத்தில் உயர் அழுத்த ஆய்வில் உலகப் பெயர் பெற்றார். வைரக் கலத்தைப் பற்றி 1983இல் அவர் எழுதிய நீண்ட திறனாய்வுக் கட்டுரையைப் படித்துத்தான் ஒரு தலைமுறை இந்தத் துறைக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டில் அவர் பெயர் ராமனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவராகக்கூட அவ்வளவாகத் தெரியவில்லை என்பது என் ஆதங்கம்.

1970இல் அவரும் நாராயணமூர்த்தி உள்ளிட்ட சகாக்களும் வெளியிட்ட ஆய்வு சமேரியம் சல்பைடு பற்றியது. கன்னங்கரேலென்று இருக்கும் ஒரு குறைகடத்தி. அழுத்தினார்கள். 0.65 கிகாபாஸ்கலில், வைரம்கூட அவசியமில்லாத அழுத்தத்தில், அது சட்டென்று உலோகமானது. நிறமும் மாறியது: தங்க மஞ்சள். படிகத்தின் மேற்பரப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே அந்த இடம் பொன்னிறமாகிவிடும். சூடு காட்டினால் மறுபடி கருக்கும்.

கருப்பு பொன்னானால் அணுக்களின் அமைப்பு தலைகீழாகப் புரண்டிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வளையங்கள் வேறு கதை சொல்கின்றன. சமேரியம் சல்பைடின் அமைப்பு நம் தூத்துக்குடி உப்பின் அமைப்பேதான். ஒவ்வொரு சமேரியத்தைச் சுற்றியும் ஆறு கந்தகம். பொன்னிறமான பிறகும் அதேதான். புது வளையம் ஒன்றுகூடப் பிறப்பதில்லை, பழையது ஒன்றுகூடக் காணாமல் போவதில்லை. எல்லா வளையங்களும் ஒட்டுமொத்தமாக வெளியே விரிகின்றன, அவ்வளவுதான். படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கி வரும் சின்னக் கனசதுரமான படிக அறையின் பக்கம் 5.97 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 5.70க்குச் சுருங்கிவிட்டது. கனஅளவில் இது 13 சதவீத இழப்பு. 0.7 ஆங்ஸ்ட்ராம் எக்ஸ்கதிரை விட்டு 20 சென்டிமீட்டர் தள்ளிப் பதிவுத் தட்டை வைத்தால், பிரதான வளையத்தின் ஆரம் 48 மில்லிமீட்டரிலிருந்து 50ஐத் தாண்டும். காரணம் சமேரியத்தின் உள்ளே இருக்கிறது. அணுவோடு ஒட்டிக் கிடந்த ஒரு எலக்ட்ரான் அழுத்தம் தாங்காமல் வெளியேறிப் படிகமெங்கும் உலாவத் தொடங்குகிறது. அது விட்டுப்போன அயனி சிறுத்துவிடுகிறது. உலாவும் எலக்ட்ரான்கள்தான் பொன்னிறத்தைத் தருகின்றன.

இப்போது உப்பையே எடுங்கள். சோடியம் குளோரைடை 30 கிகாபாஸ்கலுக்கு அழுத்தினால், ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறாக இருந்த குளோரின் எட்டாகிறது. அமைப்பு முற்றிலும் வேறு. பழைய வளையங்கள் மறைந்து புதியவை வருகின்றன. நிறமோ? முன்பும் நிறமில்லை, இப்போதும் இல்லை. ஒன்றில் நிறம் மாறியது, அமைப்பு மாறவில்லை. மற்றதில் அமைப்பு மாறியது, நிறம் மாறவில்லை. ஏதோ நடந்தது என்பதைக் கண்ணும் மின்தடையும் சொல்லும். என்ன நடந்தது என்பதை வளையங்களைக் கேட்டால்தான் தெரியும்.

இங்கேதான் நான் முன்பு சொன்ன தொல்லை. 0.1 மில்லிமீட்டர் துளைக்குள் அடங்கும் பொடி ஒரு மைக்ரோகிராம் அளவுதான். கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் எக்ஸ்கதிர்க் குழாயின் கதிர் அதில் பட்டால் சிதறி வருவது கொஞ்சத்திலும் கொஞ்சம். ஒரே ஒரு அழுத்தத்தில் ஒரு படம் எடுக்க மணிக்கணக்கு ஆகும், சில சமயம் நாள் கணக்கு. அழுத்தத்தை உயர்த்த நுனியைச் சிறுத்தால் பொடியும் சிறுக்கும், படம் இன்னும் மங்கும்.

தீர்வு சின்கிரோட்ரான் என்ற முடுக்கி வளையம். எலக்ட்ரான் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும்போது காந்தம் அதன் பாதையை வளைத்தால், வளைகிற இடத்தில் தொடுகோட்டுத் திசையில் அது கதிரை உமிழும். துகள் இயற்பியலாளர்களுக்கு இது வீணாகும் சக்தி. அவர்கள் சபித்ததைப் படிகவியலாளர்கள் கும்பிட்டார்கள். 1970களின் பிற்பகுதியில் ஹாம்பர்க்கின் டெசி நிலையத்தில் வைரக் கலத்தை இந்தக் கதிரின் முன் வைத்துப் பார்த்தார்கள். மணிக்கணக்கு வெகுவாகக் குறைந்தது. கதிர் இயல்பிலேயே பரவாமல் குவிந்து வருவதால், நுனி எவ்வளவு சிறுத்தாலும் அதற்குள் புகுத்த முடிந்தது.

நம் நாட்டில் இதற்கான இடம் இந்தூர். அங்குள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இண்டஸ்-2 என்ற வளையம் 172.5 மீட்டர் சுற்றளவு கொண்டது. மைக்ரோட்ரான் என்ற சின்ன முடுக்கியில் பிறக்கும் எலக்ட்ரான், இடைநிலை வளையம் ஒன்றில் வேகம் பெற்று இதற்குள் வந்து 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டுகிறது. 16 காந்தங்கள் அதை வளைக்கின்றன. விநாடிக்கு 17 லட்சம் சுற்றுக்கு மேல். வளையத்தைச் சுற்றி ஆய்வு நிலையங்கள். அவற்றில் ஒன்று பாபா அணு ஆராய்ச்சி மையம் உயர் அழுத்தப் படிக ஆய்வுக்கென்றே அமைத்தது. பல்கலைக்கழக மாணவர்களும் விண்ணப்பித்து நேரம் வாங்கலாம். இதைவிடக் கூர்மையான கதிர் வேண்டுமானால் இத்தாலியின் திரியெஸ்தேவில் எலெட்ரா வளையத்தில் இந்தியப் பங்களிப்போடு கட்டிய எக்ஸ்பிரஸ் நிலையம் உண்டு. பெயரிலேயே பிரஷர் இருக்கிறது.

கதிரின் முன் வேலை செய்வது பார்க்கச் சுவாரசியமில்லாதது. கலத்தை மேடையில் பொருத்தி, முடி அகலக் கதிர் துளையின் நடுவே போகும்வரை மைக்ரான் மைக்ரானாக நகர்த்த வேண்டும். கொஞ்சம் தவறினால் கேஸ்கெட்டின் வளையங்கள் படத்தை ஆக்கிரமித்துவிடும். கதவை மூடிக் கதிரைத் திறந்து, படம் எடுத்து, மூடி, ஸ்க்ரூவைக் கால் திருகு திருகி, மாணிக்கத்தைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து. ராத்திரி பகல் கிடையாது. ஒதுக்கிய நேரம் முடிந்தால் முடிந்ததுதான். சில சமயம் ஒரு மெல்லிய சத்தத்தோடு வைரம் உடையும். அன்றைய வேலை அத்தோடு சரி.

இந்தியாவில் இந்தத் துறை வேர்விட்டதில் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த ராஜகோபால சிதம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அணுகுண்டு என்றால் நினைவுக்கு வரும் பெயர். அடிப்படையில் அவர் படிகவியலாளர். 1974 பொக்ரான் சோதனைக்கு முன், புளூட்டோனியம் அழுத்தத்தில் எப்படிச் சுருங்கும் என்ற கணக்கு அவரிடம்தான் வந்தது. அந்தக் கணக்கை யாரும் வெளியிலிருந்து தரமாட்டார்கள் அல்லவா? அவரும் சிக்கா, வோரா ஆகியோரும் 1982இல் எழுதிய இன்னொரு ஆய்வு டைட்டானியம், சிர்கோனியம் போன்ற உலோகங்களில் தோன்றும் ஒமேகா என்ற அமைப்பைப் பற்றியது. இதில் ஒரு வினோதம் உண்டு. அழுத்தத்தை எடுத்த பிறகும் ஒமேகா அப்படியே தங்கிவிடுகிறது. அணு உலை எரிபொருளின் உறை சிர்கோனியக் கலவையால் ஆனது என்பதால் இது வெறும் வினோதமாக நின்றுவிடவில்லை. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் யுரேனியம், தோரியம் சேர்மங்களை வைரக் கலத்தில் அழுத்திப் பார்க்கும் குழு பல பத்தாண்டுகளாக இயங்குகிறது.

பூமியின் வயிற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியும் இப்படி வந்ததே. நிலநடுக்க அலைகள் 2,700 கிலோமீட்டர் ஆழத்தில் திடீரென்று வேகம் மாறுவது வெகுகாலப் புதிர். 2004இல் ஜப்பானின் ஸ்பிரிங்-8 வளையத்தில் முராகாமியும் ஹிரோசேயும் மக்னீசியம் சிலிக்கேட்டை 125 கிகாபாஸ்கலுக்கு அழுத்தி, லேசரால் 2,500 கெல்வினுக்குச் சூடாக்கியபோது புது வளையங்கள் தோன்றின. அந்த ஆழத்தில் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ அதுவே.

இனி அண்மைக் காலப் பரபரப்புக்கு வருவோம். 2015இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் எரெமெட்ஸ் குழு, ஹைட்ரஜன் சல்பைடை, அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் அதே வாயுவை, 150 கிகாபாஸ்கல் வாக்கில் அழுத்தியது. 203 கெல்வினில், அதாவது மைனஸ் 70 டிகிரியில், மின்தடை மறைந்தது. மின்தடை அடியோடு மறையும் இந்த மீகடத்துதிறனுக்கு அதுவரை யாரும் எட்டாத வெப்பநிலை. மின்தடை சொன்னது ஏதோ நடந்தது என்று மட்டும்தான். என்ன பொருள் அது என்று சொல்ல மறுபடி ஸ்பிரிங்-8 வேண்டியிருந்தது. வளையங்களிலிருந்து, கந்தக அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் நிற்பது 2016இல் தெரிந்தது. முன்பே கணினியில் கணித்துச் சொன்ன அமைப்போடு அது பொருந்தியது.

2020இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் குழு ஒன்று, கரியும் கந்தகமும் ஹைட்ரஜனும் கலந்த பொருளை 267 கிகாபாஸ்கலுக்கு அழுத்தினால் 15 டிகிரியிலேயே மீகடத்தியாகிறது என்று நேச்சர் இதழில் அறிவித்தது. அது என்ன அமைப்பு என்று அந்தக் கட்டுரையில் வளையச் சான்று இல்லை. தரவுகளைக் கையாண்ட விதம்பற்றிக் கேள்விகள் எழுந்து, 2022இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

ஆனால் வளையங்களுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. எக்ஸ்கதிர் எலக்ட்ரான்களில் பட்டுத்தான் சிதறும். கந்தகத்துக்கு 16 எலக்ட்ரான். ஹைட்ரஜனுக்கு ஒன்றே ஒன்று. எனவே 2016இன் படத்தில் தெரிந்தவை கந்தகத்தின் இடங்கள். ஹைட்ரஜனின் இடங்கள் கணினிக் கணக்கிலிருந்து வந்தவை. ஹைட்ரஜனைப் பார்க்க நியூட்ரான் வேண்டும். சிதம்பரம் தன் இளமையில் நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன் பிணைப்புகளை அளந்தது நியூட்ரானை வைத்துத்தான். நியூட்ரான் கதிரோ சின்கிரோட்ரான் கதிரைப் போல அடர்த்தியானதில்லை. மைக்ரோகிராம் பொடியில் அதற்கு வேலையில்லை, பெரிய மாதிரி கேட்கும். மாதிரியைப் பெரிதாக்கினால் வைர நுனியையும் பெரிதாக்க வேண்டும், நுனி பெரிதானால் 150 கிகாபாஸ்கல் கைவிட்டுப் போகும்.